முதல் வரிசையில் நின்றால்தான் ரசிகையா?

கேள்வி: எனக்கு 34 வயது. பள்ளிக்கூட நாட்களிலிருந்தே ஒரு ராக் குழுவின் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவள். அடுத்த மாதம் அவர்களுடைய ஸ்டேடியம் கச்சேரிக்கு, நிற்கும் பகுதியில் டிக்கெட் கிடைத்திருக்கிறது. நான் போகிற முதல் பெரிய கச்சேரி இதுதான். கூட வருவதாக இருந்த தோழியால் வர முடியவில்லை, தனியாகத்தான் போகிறேன். உயரம் 5 அடிக்குக் கொஞ்சம் மேல். ‘நிஜமான ரசிகை என்றால் காலையிலேயே வரிசையில் நின்று, மேடைக்கு முன்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துவிட வேண்டும்’ என்கிறார்கள். போன வருஷம் ஒரு விழாவில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு, ராத்திரி முழுக்கக் காதில் ரீங்காரம் கேட்டது. அதனால் பயமாக இருக்கிறது. ஆனால் இயர்பிளக் வைத்துக்கொண்டு கேட்டால் அந்த இசைக்கே அவமரியாதை செய்வது போலத் தோன்றுகிறது. நெரிசலை நினைத்தாலும் பயம்தான். நான் எங்கே நிற்பது? எல்லாப் பாட்டும் மனப்பாடம், ஆனால் குரல் சுமார்தான், கூடவே பாடலாமா?

பதில் (மேடைக் கச்சேரிகளுக்கு ஒலியமைப்பு செய்யும் சவுண்ட் இன்ஜினியர்):

வணக்கம். இத்தனை வருஷம் ஹெட்போனில் கேட்ட குரலை நேரில் கேட்கப் போகிறீர்கள், முதலில் அதற்கு என் வாழ்த்து. பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதில் தப்பே இல்லை. நீங்கள் பயப்படுகிற ஒவ்வொன்றும் நிஜமாகவே கவனிக்க வேண்டிய விஷயம். ஆனால் எதற்குமே கச்சேரியைத் தவிர்க்க வேண்டியதில்லை.

இயர்பிளக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் என் மனசை உறுத்தியது அதுதான். மேடையில் நிற்கிறவர்களின் காதைப் பாருங்கள். இன்றைக்குப் பெரிய மேடையில் பாடுகிற, வாசிக்கிற பெரும்பாலானவர்கள் காதில் பொருத்தமாக அடைத்துக்கொள்ளும், இயர்போன் மாதிரியான சின்ன மானிட்டர் போட்டிருப்பார்கள். தங்கள் குரலும் வாத்தியமும் தெளிவாகக் கேட்க வேண்டும், மேடையின் இரைச்சல் நேராகக் காதில் விழக்கூடாது, இரண்டுக்கும் சேர்த்துத்தான் அது. எங்கள் குழுவிலும் ட்ரம்ஸ் பக்கத்தில் வேலை செய்கிறவர் இயர்பிளக் இல்லாமல் மேடை ஏற மாட்டார். இசையை உண்டாக்குகிறவர்களே காதை மூடிக்கொண்டுதான் உண்டாக்குகிறார்கள், அப்படியிருக்க அதைக் கேட்க வருகிறவர் ஏன் கூச்சப்பட வேண்டும்?

முன்னால் இந்தப் பழக்கம் இல்லை. தி ஹூ குழு 1976-இல் லண்டனில் நடத்திய கச்சேரியில் ஸ்பீக்கரிலிருந்து 32 மீட்டர் தூரத்தில் 126 டெசிபல் பதிவானது, கின்னஸ் புத்தகம் அதை உலகத்திலேயே அதிகச் சத்தமான கச்சேரி என்று பதிந்து வைத்தது. பிற்பாடு, காதைக் கெடுத்துக்கொள்ள நாமே ஊக்குவித்த மாதிரி ஆகிவிடும் என்று அந்தப் பிரிவையே கின்னஸ் நிறுத்திவிட்டது. அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட் தன் செவித்திறன் போனதையும் ஓயாத காதிரைச்சலையும் பற்றிப் பல காலமாக வெளிப்படையாகப் பேசி வருகிறார். ஏசி/டிசி என்ற ராக் குழுவின் பாடகர் பிரையன் ஜான்சன், இப்படியே பாடினால் காது முழுசாகப் போய்விடும் என்று மருத்துவர்கள் எச்சரித்ததால் 2016-இல் சுற்றுப்பயணத்தைப் பாதியிலேயே விட வேண்டியிருந்தது. இவர்கள் இழந்ததைப் பார்த்துத்தான் அடுத்து வந்தவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

சரி, எவ்வளவு சத்தம் இருக்கும்? உலக சுகாதார நிறுவனம் 2022-இல் கச்சேரி அரங்குகளுக்கென்று ஒரு வரையறை வெளியிட்டது: 15 நிமிடத்தின் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது. அது மட்டும் இல்லை, ஒலி அளவை நிகழ்ச்சி முழுக்க அளந்துகொண்டே இருக்க வேண்டும், வருகிறவர்களுக்கு இயர்பிளக் கிடைக்க வேண்டும், காதுக்கு ஓய்வு கொடுக்க ஒரு அமைதியான இடம் ஒதுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. எல்லா இடத்திலும் இதைப் பின்பற்றுகிறார்கள் என்று நம்பி இருந்துவிட முடியாது. பெரிய ராக் கச்சேரியில் 100-ஐ ஒட்டிய சத்தம் சகஜம், மேடைக்கு முன்னால் அதைவிடக் கூடவும் போகும்.

இந்த 100 என்பதைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கு உதவும். தினமும் இரைச்சலில் வேலை செய்கிறவர்களுக்காக அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வைத்திருக்கும் வரம்பு 85 டெசிபலில் 8 மணி நேரம். டெசிபல் 3 கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது, அதனால் தாங்கும் நேரம் பாதியாகிவிடும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, அப்படியே பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டு போனால் 100-க்கு 15 நிமிடம்தான் வருகிறது. நீங்கள் தினமும் போகப்போவதில்லை, ஆகவே 16-வது நிமிடத்தில் காது போய்விடும் என்று அர்த்தம் இல்லை. ஆனால் முன்னணிக் குழு மட்டுமே ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வாசிக்கும், அதற்கு முன்னால் துணைக் குழு வேறு. மொத்தத்தில் காதுக்கு அது பெரிய சுமை. 15 டெசிபல் குறைக்கும் இயர்பிளக்கைச் சரியாகப் போட்டால் 100 என்பது 85 ஆகிவிடும். அந்த 15 நிமிடம் 8 மணி நேரமாகிவிடும். கையளவு கூட இல்லாத ஒரு பொருள் இவ்வளவு செய்கிறது.

இதில் நீங்கள் கவனமாக இருக்க இன்னொரு காரணமும் உண்டு, போன வருஷம் வந்த ரீங்காரம். உள்காதில் ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றும் நுண்ணிய மயிர்ச் செல்கள் இருக்கின்றன, ஒரு காதுக்கு ஏறக்குறைய 15,000. இவை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. ரீங்காரம் மறுநாள் அடங்கிவிட்டது என்பதற்காக எதுவும் ஆகவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அளவு மீறிப் போயிற்று என்று காது சொன்னது அது. இப்போதும் எப்போதாவது, எல்லாம் அமைதியாக இருக்கிற நேரத்தில் அது கேட்கிறதென்றால், கச்சேரிக்கு முன்னாலேயே ஒரு தடவை செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நாளைக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ஆதாரமாகவும் இருக்கும்.

எந்த இயர்பிளக் வாங்குவது என்று கேட்டால், இசைக்கென்றே செய்தது என்று போட்டிருப்பதை வாங்குங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சு போன்ற நுரை இயர்பிளக் சத்தத்தை நிறையக் குறைக்கும், ஆனால் சிம்பலின் சிலிர்ப்பு, பாட்டு வரிகளின் மெய்யெழுத்துகள் போன்ற மேல் சுருதிகளை அதிகமாக வெட்டிவிடும், எல்லாம் போர்வைக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிடும். இசைக்கான இயர்பிளக்கில் ஒரு சின்ன வடிகட்டி இருக்கும், தாழ்ந்த சுருதியையும் உயர்ந்த சுருதியையும் கிட்டத்தட்ட ஒரே அளவில் குறைக்கும். வால்யூம் குமிழைக் கொஞ்சம் திருப்பின மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ஆனால் நுரை மட்டும்தான் கையில் இருக்கிறதென்றால் அதையே போடுங்கள். கைக்குட்டைக் கிழிசல், டிஷ்யூ பேப்பர், சாதாரணப் பஞ்சு, இவற்றை நம்பாதீர்கள்.

போடுகிற விதத்தில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். நுரை என்றால் விரல்களுக்கு நடுவில் வைத்து, மடிப்பு விழாமல் மெல்லிசாக உருட்டுங்கள். வலது காதுக்குப் போடும்போது இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் வலது காதின் மேல் நுனியை மேலேயும் பின்னாலேயும் இழுத்துப் பிடியுங்கள், காதுக் குழாய் நேராகும். உள்ளே விட்டதும் விரலை எடுத்துவிடாமல், அது விரிகிற வரைக்கும் அரை நிமிடம் அப்படியே அழுத்திக்கொண்டிருங்கள். வடிகட்டி வைத்ததும் அதே மாதிரி காதை இழுத்துப் பிடித்துத்தான் போட வேண்டும், உருட்டுவது மட்டும் கிடையாது. அப்புறம் இரண்டு உள்ளங்கைகளாலும் காதைப் பொத்திப் பாருங்கள். சத்தம் இன்னும் நன்றாகக் குறைகிறதென்றால் சரியாக உட்காரவில்லை, மறுபடி போடுங்கள். வீட்டிலேயே, உங்களுக்குப் பிடித்த பாட்டைப் போட்டுவிட்டு ஓரிரு நாள் பழகிக்கொள்ளுங்கள். முதல் சில நிமிடங்கள் ஏதோ குறைகிறது என்று தோன்றும். காது பழகிவிடும்.

உடம்பு நடுங்குகிற அந்த உணர்வு போய்விடுமே என்று யாராவது சொல்வார்கள். போகாது. ட்ரம்ஸின் அடியும் பேஸ் கிட்டாரின் அதிர்வும் நெஞ்சுக்கூட்டில், தரையில் ஊன்றிய பாதத்தில் வந்து சேருகிறவை, காதில் எதை வைத்தாலும் அதை எதுவும் தடுக்காது. இன்னொன்று, பலர் நம்ப மறுக்கிற விஷயம்: ரொம்பச் சத்தமான இடத்தில் இயர்பிளக் போட்டால் பாடகரின் குரல் முன்பைவிடத் தெளிவாகவே கேட்கும். சத்தம் ஏற ஏற, தாழ்ந்த சுருதிகள் மேல் சுருதிகளை மூடி மறைப்பதும் நம் காதுக்குள் ஏறுகிறது. மொத்தமாகக் குறைத்தால் அந்த மூட்டம் விலகும், குரல் எழுந்து வரும்.

இப்போது எங்கே நிற்பது என்ற கேள்வி. அடித்துச் சொல்கிறேன், நன்றாகக் கேட்க வேண்டும் என்றால் முதல் வரிசைக்குப் போகாதீர்கள்.

மேடைக்கு இரண்டு பக்கத்திலும் உயரத்தில் வளைவாகத் தொங்குகிற ஸ்பீக்கர் வரிசையைப் பார்த்திருப்பீர்கள். அதில் மேலே இருக்கிற பெட்டிகள் ஸ்டேடியத்தின் கடைசிப் படிக்கட்டுக்கும், கீழே இருக்கிறவை அதைவிடக் கிட்டத்தில் இருப்பவர்களுக்கும் குறிவைத்துச் சாய்க்கப்பட்டிருக்கும். மேடையின் விளிம்பில் நிற்கிறவரை அது பெரும்பாலும் தாண்டிப் போய்விடும், தோட்டத்துக்குத் தண்ணீர் பீய்ச்சுகிற குழாய்க்கு நேர் கீழே நிற்கிறவர் நனையாமல் இருப்பதைப் போல. அதை ஈடுகட்ட மேடை விளிம்பில் சின்ன ஸ்பீக்கர்கள் வைப்போம், ஆனாலும் அங்கே நிற்கிறவருக்கு முதலில் கேட்பது கிட்டார் ஆம்ப்ளிஃபயரும் நேரடி ட்ரம்ஸும்தான். அத்தோடு தரையில் அடுக்கியிருக்கும், பேஸ் ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்களான சப்வூஃபர்கள் வயிற்றுக்கு நேராக முழங்கிக்கொண்டிருக்கும். குரல் அடியில் போய்விடும். சத்தம் அதிகம், தெளிவு கம்மி.

நிகழ்ச்சி முழுவதையும் நாங்கள் கலக்குகிற மிக்சர் மேசை, மைதானத்தின் நடுவில், மேடையைப் பார்த்தபடி, ஒரு கூடாரம் மாதிரி இருக்கும். அங்கே எங்கள் காதுக்கு எது சரியாகக் கேட்கிறதோ அதைத்தான் ஸ்டேடியம் முழுக்க அனுப்புகிறோம். ஆகவே அந்தக் கூடாரத்துக்குக் கொஞ்சம் முன்னாலோ பக்கவாட்டிலோ நில்லுங்கள். இரண்டு பக்க ஸ்பீக்கரும் சமமாக வந்து சேரும், குரல் நடுவில் நிற்கும், பேஸ் அளவோடு இருக்கும். உங்கள் குழு ஆல்பத்தில் ஒளித்து வைத்த இரண்டாவது கிட்டார், பின்னணிக் குரல், எல்லாம் பிரிந்து பிரிந்து கேட்கிற இடம் அது. கூடாரத்துக்கு நேர் பின்னால் மட்டும் வேண்டாம், எங்கள் கருவிகளும் விளக்குக் கம்பங்களும் மறைக்கும். அதைச் சுற்றி ஒரு தடுப்பு வேலி போட்டிருப்பார்கள், அதன் முன்பக்கத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றால் பின்னாலிருந்து யாரும் தள்ள முடியாது, கால் வலிக்கும்போது சாயலாம். உங்கள் உயரத்துக்கு எல்லாமே தெரியாதுதான், திரையைப் பார்க்க வேண்டி வரும். முகம் பார்த்தே ஆக வேண்டும் என்றால் மேடைக்கு எதிரே நடுவில் போகாமல் ஓரத்துக்குப் போங்கள், அங்கே கூட்டம் மெலிந்திருக்கும், குட்டையானவர்களும் மேடையின் ஒரு பாதியையாவது நன்றாகப் பார்க்கலாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஒரு நான்கைந்து பாட்டு ஓரத்தில் நின்று பார்த்துவிட்டு, மிச்சத்தைக் கேட்க நடுவுக்கு வந்துவிடுவேன்.

தூரம் போனால் கேட்காது என்ற பயமும் வேண்டாம். அது பழைய கதை. 1965 ஆகஸ்ட் 15-இல் நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் பாடியபோது 55,000-க்கும் மேற்பட்டவர்கள் வந்திருந்தார்கள், இருந்த ஒலியமைப்பு அந்த மைதானத்துக்குப் போதவே இல்லை. ரசிகர்களின் கூச்சலில் பாடுகிறவர்களுக்கே தங்கள் பாட்டு கேட்கவில்லை. இன்றைக்கு மைதானத்தின் பின்பகுதியில் கோபுரம் கட்டி அதிலும் ஸ்பீக்கர் வைக்கிறோம். ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும் என்பதால், மேடையிலிருந்து 70 மீட்டர் தள்ளி இருக்கும் கோபுரத்துக்குச் சத்தம் வந்து சேர ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும். அந்த அளவுக்குக் கோபுர ஸ்பீக்கரைத் தாமதப்படுத்தி ஒலிக்கவிட்டால்தான் இரண்டும் ஒன்றாகக் காதில் விழும், இல்லாவிட்டால் எதிரொலி போலக் குழம்பும். பின்னால் நிற்கிறவருக்காக இவ்வளவு மெனக்கெடுகிறோம்.

நெரிசலைப் பற்றி நீங்கள் பயப்படுவது நியாயம்தான், அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். 1979 டிசம்பர் 3-இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் தி ஹூ கச்சேரிக்கு முன்னால் 11 பேர் இறந்தார்கள். உள்ளே கூட இல்லை, அரங்கின் கதவுக்கு வெளியே. இருக்கை எண் இல்லாத டிக்கெட், முன்னால் போய் இடம் பிடிக்கிற அவசரம், திறந்திருந்த கதவுகளோ மிகக் குறைவு. டென்மார்க்கின் ரோஸ்கில்டே விழாவில் 2000 ஜூன் 30-இல் பேர்ல் ஜாம் என்ற ராக் குழு வாசித்துக்கொண்டிருந்தபோது மேடைக்கு முன்னால் 9 பேர் இறந்தார்கள். இந்த மாதிரி விபத்துகளில் மிதிபட்டுத்தான் சாகிறார்கள் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அழுத்தத்தில் நெஞ்சு விரிய முடியாமல் மூச்சு நின்றுபோகிறது, நின்றபடியே கூட. காலையிலேயே வரிசையில் நில், ஓடிப்போய்க் கம்பியைப் பிடி என்று உங்களுக்குச் சொன்னவர்களுக்கு இதுதான் என் பதில். கேட் திறந்ததும் ஓடாதீர்கள். ஓடுகிறவர்களுக்கு வழி விட்டுவிட்டு நிதானமாகப் போனால் உங்களுக்கு நான் சொன்ன இடம் தாராளமாகக் கிடைக்கும்.

கூட்டம் எப்போது ஆபத்தான கட்டத்துக்குப் போகிறது என்பதை உடம்பே சொல்லும். ஒரு சதுர மீட்டரில் 5, 6 பேருக்கு மேல் சேர்ந்துவிட்டால் கூட்டம் மனிதர்களாக நடக்காது, தண்ணீர் போல அலையடிக்கத் தொடங்கும். நாலு பக்கமும் ஆள் மேலே ஒட்டுகிறார்கள், கையைத் தூக்கி முகத்தைத் தொட முடியவில்லை, நீங்கள் நகர நினைக்காமலே நகர்கிறீர்கள் என்றால் அந்த நொடியே வெளியேற ஆரம்பியுங்கள், பிடித்த பாட்டு ஓடிக்கொண்டிருந்தாலும் சரி. தள்ளுகிற அலையை எதிர்த்து நிற்காதீர்கள், பலம் வீணாகும். இரண்டு கைகளையும் குத்துச்சண்டைக்காரர் மாதிரி நெஞ்சுக்கு முன்னால் மடித்து வையுங்கள், மூச்சுக்கு இடம் கிடைக்கும். அலை தள்ளும், பிறகு ஒரு கணம் தளரும். அந்தத் தளர்ச்சியில் குறுக்குவாட்டமாக, ஓரத்தை நோக்கி ஒவ்வொரு அடியாக நகருங்கள். கத்தி மூச்சைச் செலவழிக்காதீர்கள். கீழே எது விழுந்தாலும், போனே விழுந்தாலும், குனியாதீர்கள். யாராவது விழுந்தால் சுற்றி இருப்பவர்கள் கையைக் கொடுத்து உடனே தூக்கிவிடுவார்கள். முட்டி மோதி ஆடுகிற மாஷ் பிட்டில் கூட ராக் ரசிகர்கள் தவறாமல் காப்பாற்றுகிற வழக்கம் அது, நீங்களும் அப்படியே செய்யுங்கள். நடு இடத்தில் திடீரென்று ஒரு வட்டம் விரிந்தால் அதுதான் மாஷ் பிட் ஆரம்பிக்கிற அடையாளம், வேண்டாம் என்றால் பின்னால் ஒதுங்கிக்கொள்ளலாம். முன்வரிசைக்கு அருகில் சிக்கிக்கொண்டால் மேடைக்கும் கம்பிக்கும் நடுவில் நிற்கும் காவலர்களைப் பார்த்துக் கையை உயர்த்தி ஆட்டுங்கள், மேலே தூக்கி வெளியே எடுத்துவிடுவார்கள், அது அவர்களுடைய வேலை.

உள்ளே போனதும் முதல் காரியமாக, நீங்கள் வந்த வாசலைத் தவிர வேறு இரண்டு வெளிவழிகளைப் பார்த்து வையுங்கள். 2003 பிப்ரவரி 20-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஒரு ராக் கச்சேரியின் வாணவேடிக்கையால் தீப்பிடித்து 100 பேர் இறந்துபோனார்கள், பெரும்பாலோர் வேறு வழிகள் இருந்தும் தாங்கள் உள்ளே வந்த முன்வாசலுக்கே ஓடினார்கள். அது சின்ன அரங்கம், நீங்கள் போவது ஸ்டேடியம், இருந்தாலும் இந்தப் பழக்கத்துக்கு ஒரு நிமிடம்தான் ஆகும்.

மற்றதெல்லாம் சுலபம். விரலை மூடுகிற, நன்றாகப் பழகின ஷூ. முந்தின நாளிலிருந்தே நிறையத் தண்ணீர், போகும் முன் வயிறார ஒரு சாப்பாடு. மணிக்கணக்காக முழங்காலை விறைப்பாக வைத்து நிற்காதீர்கள், ரத்தம் காலிலேயே தங்கி மயக்கம் வரும். அவ்வப்போது குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். பையின் அளவுக்குக் கட்டுப்பாடு இருக்கும், டிக்கெட்டோடு வந்த விதிகளைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். பளிச் பளிச்சென்று வெட்டும் விளக்குகளால் உங்களுக்கு வலிப்போ கடுமையான தலைவலியோ எப்போதாவது வந்ததுண்டு என்றால் மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். அத்தனை பேரும் ஒரே இடத்தில் போனை எடுப்பதால் நெட்வொர்க் திணறும், ஆகவே திரும்பி வருகிற வண்டி எங்கே நிற்கும், எத்தனை மணிக்கு, வீட்டில் யாருக்குத் தகவல் சொல்வது என்பதையெல்லாம் முன்னாலேயே முடிவு பண்ணிவிடுங்கள். தனியாகப் போகிறவருக்கு இது ரொம்ப முக்கியம்.

தனியாகப் போவதால் யாரும் உங்களை ஒரு மாதிரி பார்க்கப்போவதில்லை, எல்லாருடைய கண்ணும் மேடையில் இருக்கும். உண்மையில் வரிசையில் நிற்கும்போதே பக்கத்திலிருப்பவரிடம் எந்த ஆல்பம் பிடிக்கும் என்று கேட்டால் போதும், பேச்சு நிற்காது. துணைக்கு ஆள் வந்தால் அவருக்குப் பசிக்கிறதா, போரடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தனியாக என்றால் முழு ராத்திரியும் உங்களுடையது.

துணைக் குழு வாசிக்கும்போதே உள்ளே போய்விடுங்கள், அவர்களையும் கேளுங்கள். அவர்கள் முடித்து இறங்கினதும் அரை மணி நேரம் போல இடைவெளி வரும், நிறையப் பேர் அப்போது போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் மேடையைப் பாருங்கள். கறுப்புச் சட்டை போட்ட ஆட்கள் ட்ரம்ஸை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார்கள், கிட்டாரை ஒரு தடவை மீட்டிவிட்டுத் தூர நிற்கிற எங்களைப் பார்ப்பார்கள், ஒருவர் குனிந்து பாட்டு வரிசை எழுதின தாளை மைக்குக்குக் கீழே தரையில் ஒட்டுவார். கடைசியாக மேடையின் ஓரத்து இருட்டிலிருந்து ஒரு டார்ச் வெளிச்சம் மிக்சர் மேசையை நோக்கி விட்டு விட்டு எரியும். குழு தயார் என்று அர்த்தம். அடுத்த நொடி ஸ்டேடியத்தின் விளக்குகள் மொத்தமாக அணையும், அப்போது எழும் கூச்சலைப் போல ஒன்றை நீங்கள் வாழ்நாளில் கேட்டிருக்க மாட்டீர்கள். இத்தனை வருஷ வேலைக்குப் பிறகும் எனக்கு அந்த நேரத்தில் புல்லரிக்கும். இயர்பிளக் அதற்கு முன்னாலேயே காதில் இருக்கட்டும், கூச்சலே பல சமயம் பாட்டைவிடச் சத்தமாக இருக்கும்.

போனில் ஒரு பாட்டைப் பதிவு பண்ணுங்கள், ஞாபகத்துக்கு. அதற்கு மேல் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அந்தச் சின்ன மைக் அவ்வளவு சத்தத்தைத் தாங்காமல் கரகரவென்றுதான் பிடிக்கும், பின்னால் நிற்கிறவருக்கு உங்கள் திரை மறைக்கும். உயரம் குறைந்தவர் நீங்கள், அந்தக் கஷ்டம் உங்களுக்கே தெரியும்.

நடுவில் ஒரு தடவை, உங்களுக்கு அவ்வளவாகப் பிடிக்காத பாட்டு வரும்போது, ஸ்பீக்கர் எட்டாத நடைபாதைப் பக்கம் பத்து நிமிடம் போய்விட்டு வாருங்கள். காதுக்கு ஓய்வு கிடைக்கும். முடிந்த பிறகு லேசாக அடைத்த மாதிரியோ மெல்லிய ரீங்காரமோ இருந்தால் பதறாதீர்கள், மறுநாள் முழுக்க ஹெட்போனைத் தொடாமல் காதை அமைதியாக விடுங்கள். தூங்கும்போது ரீங்காரம் தொந்தரவு செய்தால் மின்விசிறிச் சத்தம் மாதிரி மெதுவான ஏதாவது ஒன்று ஒலிக்கட்டும். இரண்டு நாள் கழிந்தும் போகவில்லை என்றால் காது மருத்துவரைப் பாருங்கள். ஒரு காது மட்டும் சட்டென்று கேட்காமல் போனால் இரண்டு நாள் காத்திருப்பது தப்பு, அன்றைக்கே போக வேண்டும், சீக்கிரம் ஆரம்பித்தால்தான் சிகிச்சைக்குப் பலன் அதிகம்.

கடைசியாக, கூடவே பாடலாமா என்று கேட்டீர்கள். தாராளமாகப் பாடுங்கள், வாய்விட்டே பாடுங்கள். மேடையில் இருப்பவர்கள் தங்கள் காது மானிட்டருக்குள் ரசிகர்கள் பாடுவதும் கேட்க வேண்டும் என்று கேட்பதால், பார்வையாளர்களை நோக்கியே தனியாக மைக் வைத்து அதை அவர்களுக்கு அனுப்புகிறோம், நீங்கள் பாடுவதும் அந்த ஆயிரக்கணக்கான குரல்களோடு சேர்ந்து போகும். ஒன்று மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: இயர்பிளக் போட்டிருக்கும்போது சொந்தக் குரல் மண்டைக்குள் பெரிசாக முழங்கும், ஊருக்கே கேட்கிற மாதிரி தோன்றி நிறுத்திவிடத் தோன்றும். பக்கத்தில் நிற்கிறவருக்கு அது கேட்கவே கேட்காது.